எத்தனை தலையணை

வால்பரைசோவில் தெருக்கள் படுத்துக் கிடப்பதில்லை,
எழுந்து நிற்கும்.
மரிபோசா குன்றுக்கு நூற்று அறுபத்து மூன்று படி.
இருபத்தொன்பது வருடமாய்
பதினைந்து கிலோ காஸைத் தோளில் போட்டு ஏறுகிறேன்.
கீழே நின்று ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டினால்
மேலே ஏதோவொரு சன்னல் திறக்கும்:
"இங்கே ஒன்று, லாரெனாஸ்!"

போன கோடையில் தொண்ணூறாம் படியில் நின்றேன்,
ஷூ லேஸ் கட்ட.
மழை தொடங்கியதும் அறுபதில்.
அங்கே சுவரில் ஒரு நீலத் திமிங்கிலம் வரைந்திருக்கிறார்கள்,
அதன் கண்ணை ரசிப்பவன் போல நின்றேன்.
பிறகு முப்பத்தைந்தில்.
முப்பத்தைந்தில் ரசிக்க எதுவும் இல்லை,
ஒரு குப்பைத்தொட்டி.
அதையும் ரசித்தேன்.

மூச்சு வாங்குகிறது என்கிறோமே,
யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு?
பகலெல்லாம் காஸ் விற்றவன்
ராத்திரி சன்னலோரம் உட்கார்ந்து
துறைமுகக் கிரேன்களின் மஞ்சள் வெளிச்சத்தில்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கடனுக்கு வாங்கினேன்.

நெலிடா கேட்டாள்.
வயசு என்றேன்.
ஐம்பத்தெட்டு ஒரு வயசா என்றாள்.
சிகரெட் என்றேன்.
விட்டு ஆறு வருஷம் ஆயிற்றே.
பனி என்றேன்.
அன்று பனி இல்லை, நட்சத்திரம் தெரிந்தது.
காலையில் போட்ட ஷூவை
சாயங்காலம் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அவளைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.
விட இருந்ததும் கொஞ்சம்தான்.

கடைசி வீடு ஒர்டென்சியா கிரோஸ்.
சிலிண்டரை இறக்கி, விலை சொல்ல வாயெடுத்தேன்.
"இருபத்து..."
மீதி எண் எந்தப் படியிலோ நின்றுவிட்டது.
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
என் வாயைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்,
பர்ஸை மூடினாள்.
"டாக்டர் சீட்டைக் கொண்டு வா, காசு தருகிறேன்."
சண்டை போட மூச்சு வேண்டுமே.
பாக்கி வசூலிக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
சத்தியமாய்.

டாக்டர் சின்னப் பெண், அவளுக்கே ஜலதோஷம்.
எத்தனை சிகரெட் என்பாள் என்று பதில் வைத்திருந்தேன்.
"எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?"
சிரித்துவிட்டேன், மெத்தைக் கடைக்கா வந்திருக்கிறேன்?
அப்புறம் எண்ணினேன்.
கோடையில் ஒன்று.
மே மாதம் இரண்டு.
இப்போது மூன்று, அதுவும் போதாமல் நாற்காலி.

முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.
எடுத்த பிறகும் குழி இருந்தது, பிசைந்த மாவில் போல.
மூடுகிறதா என்று
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பழுது நுரையீரலில் தொடங்கவில்லை, இதயத்தில்" என்றாள்.
பம்ப் சோர்ந்தால் தண்ணீர் காலில் தேங்குமாம்,
படுத்தால் மார்புக்கு வருமாம்.
லேஸ், திமிங்கிலம் எல்லாம் சொன்னேன்.
குப்பைத்தொட்டியைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை,
எழுதிக்கொண்டாள்.
"தொண்ணூறிலேயே வந்திருக்கலாம்."
அன்றே படுக்கை கொடுத்தார்கள். ஒன்பது நாள்.

இப்போது விளாடிமிர் சுமக்கிறான்,
நான் கீழே நின்று தட்டுகிறேன்.
அவனுக்குத் தாளம் வராது.
மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்கு
கழிவறையை விட்டு நகர முடியாது.
மூன்றாவது தலையணையைப் பூனை எடுத்துக்கொண்டது.

ஏழாவது வாரம், டாக்டர் சரி என்ற பிறகு,
வெறுந்தோளோடு குன்றில் ஏறினேன்.
நான்கு இடத்தில் நின்றேன்.
லேஸைத் தொடவில்லை.
யாரோ கடந்து போனார்கள், வணக்கம் சொன்னார்கள்,
பதில் சொல்ல நேரமானது, சொன்னேன்.
சும்மா நின்றேன், மூச்சு வாங்க நிற்பவனாகவே.

ஒர்டென்சியா கண்ணாடி மாட்டி
சீட்டை முழுதும் படித்தாள், பின்பக்கத்தையும்.
பிறகு எண்ணிக் கொடுத்தாள்,
ஐந்நூறு பெசோ குறைவாக.